கம்பியில் போன விளக்குமாறு

விளக்குமாறு பறக்காது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. போன மாதம் பதுளை பஸ் நிலையத்தில், மொனராகலை பஸ்ஸுக்காகக் காத்திருந்த ஒருவர், முன்பின் பார்த்தறியாதவர், தன் கைத்தொலைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மாஸ்டர், இது ஒங்க தோட்டந்தானே? நெசமாவே பறந்துச்சுங்களா?"

முப்பத்துநான்கு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். "பறக்காது" என்றேன்.

"அப்ப இந்த வீடியோ?"

நல்ல வேளை, அவருடைய பஸ் வந்துவிட்டது.

விளக்குமாறு பறக்காது என்பது எனக்கு எப்போதும் தெரியும். தெரிந்திருந்தும், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு விளக்குமாறு பறந்ததைக் காரணமாக வைத்து ஒரு பெண்ணுக்குக் கிடைத்த வீட்டை அவளிடமிருந்து பறித்தோம். அதற்கான பெட்டிச மனுவை எழுதிக் கொடுத்தவன் நான். பறித்த வீட்டில் குடிபோனவள் என் மகள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். விளக்குமாற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறொன்றும் இல்லை.

அந்தப் பெண் எங்கள் தோட்டத்து வாசக்கூட்டி. தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயங்களின் வாசலையும், கான் என்கிற வடிகால்களையும் கூட்டித் துப்புரவு செய்பவரை நாங்கள் அப்படித்தான் அழைக்கிறோம். அவளுடைய அம்மாவும் வாசக்கூட்டி, அம்மாவின் அம்மாவும் வாசக்கூட்டி. இந்த வேலை ஏன் ஒரே குடும்பத்துக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது என்று தோட்டத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும். அவளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. பூனாகலையில் ஒரு தங்கை மட்டும் இருக்கிறாள். நமுனுகுல மலைச்சரிவில் எங்கள் மேல்லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒரே அறையில், தனியாக இருந்தாள்.

மேல்லயத்திலிருந்து கீழே தொழிற்சாலைவரை ஒரு இரும்புக்கம்பி ஓடியது. லொறிப் பாதை வருவதற்கு முன்னால் கொழுந்து மூட்டைகளைக் கொக்கியில் மாட்டி அந்தக் கம்பியில்தான் கீழே அனுப்புவார்கள். மூட்டை விர்ரென்று பள்ளத்தாக்கைக் கடந்து போகும். காலமாகிவிட்ட என் மனைவி அந்தக் கம்பியடியில் பல வருடம் மூட்டை மாட்டியவள். ஒருநாள் சில்லுக்குள் சிக்கி அவளுடைய இடது கை மோதிரவிரலின் நுனி போய்விட்டது. பாதை வந்த பிறகு கம்பி சும்மா கிடந்தது. எடுத்துவிடவும் யாருக்கும் தோன்றவில்லை.

அதைப் பயன்படுத்தியவள் வாசக்கூட்டி ஒருத்திதான். அவள் கூட்ட வேண்டிய இடமெல்லாம் கீழே: கீழ்லயம், மருந்துச்சாலை, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பரா. மூங்கில் கம்பு போட்ட நீள விளக்குமாற்றின் நடுவில் கயிறு கட்டிக் கொக்கியில் மாட்டுவாள். மழைக்கு இடுப்பில் கட்டும் படங்கையும் கம்பளியையும் அதன்மேல் போட்டுக் கட்டுவாள். ஒரு தள்ளு. அது தன்பாட்டில் கீழே போய்விடும். அவள் வெறுங்கையோடு படியிறங்கிப் போவாள். ஓய்வு பெற்ற பிறகு நான் விடிகாலையில் நடக்கப் போவதுண்டு. இதைப் பத்து முறையல்ல, நூறு முறை பார்த்திருக்கிறேன். மெனக்கெட்டு இந்தக் கூத்து எதற்கு, கையில் கொண்டுபோனால் என்ன என்று நினைத்திருக்கிறேன். கேட்டதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த ஒருவன், கடையில் வேலை செய்பவன், விடிகாலைப் பனியைப் படமெடுக்கிறேன் என்று தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறான். கம்பி பனியில் தெரியவில்லை. கொக்கியும் தெரியவில்லை. படுத்த வாக்கில் ஒரு விளக்குமாறும், அதன்மேல் குனிந்து உட்கார்ந்த மாதிரி ஒரு கம்பளியும், வெண்மைக்குள்ளிருந்து வந்து வெண்மைக்குள் போய்விட்டன. பத்து வினாடி. அவன் அதற்கு ஒரு பேய்ச்சிரிப்புச் சத்தத்தைச் சேர்த்து அனுப்பிவிட்டான். மத்தியானத்துக்குள் அது பண்டாரவளைவரை போய்த் திரும்பி எங்களுக்கே வந்துவிட்டது.

அன்று மாலை தேநீர்க்கடையில் பெரிய விவாதம். தோட்டக் கோயில் கமிட்டித் தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "வாங்க மாஸ்டர், ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம். படிச்சவங்க சொல்லுங்க. வெளக்கமாறு பறக்குமா, பறக்காதா?" என்றார்.

"பறக்காது. பறக்கணும்னா ஒண்ணு இறக்கை வேணும், இல்ல எஞ்சின் வேணும்."

"ஏரோப்பிளேன் மட்டும் இறக்கைய ஆட்டுதா?" என்றான் கடைக்காரன்.

நான் காற்று, அழுத்தம், இறக்கையின் வளைவு என்று விளக்கினேன். கடையில் மிஞ்சிய பாண் ரொட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கவிழ்த்துக் காட்டினேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

"சரிங்க மாஸ்டர். அதே மாதிரி வெளக்கமாத்துக்கும் பின்னால விரிஞ்சுதானே இருக்கு?" என்றார் தலைவர்.

"விரிஞ்சிருந்தாப் போதுமா? உங்க வேட்டியும் விரிஞ்சுதான் இருக்கு. பறந்தீங்களா?"

சிரிப்பு. எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. நம் பேய்களைப் பற்றியே பேச ஆரம்பித்தேன். நம்மிடம் எத்தனை பேய் இருக்கிறது! முனி இருக்கிறது, காட்டேரி இருக்கிறது, மோகினி இருக்கிறது, ஆற்றோரத்தில் ஒன்று, ஆலமரத்தில் ஒன்று. அவற்றில் ஒன்றாவது விளக்குமாற்றில் ஏறியதாக யாராவது கேட்டிருக்கிறீர்களா? நம் பேய்க்கு விளக்குமாறு என்றால் பயம். பேய் பிடித்தவர்களை விளக்குமாற்றால்தானே அடிக்கிறோம்? திருஷ்டிக்குப் பழைய விளக்குமாற்றையும் செருப்பையும்தானே கட்டித் தொங்கவிடுகிறோம்? விளக்குமாற்றில் ஏறிப் பறக்கும் சூனியக்காரி வெள்ளைக்காரன் நாட்டுக்காரி, கூம்புத் தொப்பி போட்டவள், தொலைக்காட்சியில் தமிழில் குரல் கொடுத்துக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். பதுளையில் என்னோடு படிப்பித்த சிங்கள நண்பரிடம் பிறகு தொலைபேசியில் கேட்டபோது, அவர்களுடைய யக்ஷர்களிலும் விளக்குமாறு வைத்திருப்பவர் யாரும் இல்லை என்றே சொன்னார். இருக்கிற பேய் போதாதென்று இதை வேறு இறக்குமதி செய்ய வேண்டுமா?

இவ்வளவும் பேசினேன். ஒரே ஒரு சொல்லைச் சொல்லவில்லை. 'கம்பி' என்று சொல்லியிருந்தால் போதும். பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். பேச்சு முடிவதை நான் விரும்பவில்லை. ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகியிருந்தது. இருபது பேர் வாய் பார்த்து உட்கார்ந்து நான் பேசுவதைக் கேட்டது, பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அன்றுதான் முதல் முறை. அந்த அற்ப சந்தோஷத்துக்காக வாயை மூடிக்கொண்டேன். பாவம் என்று நான் எண்ணுவதில் இது சின்னது. ஆனால் முதலாவது.

நாளாக ஆக எனக்கு எரிச்சல்தான் மிஞ்சியது. யாரும் மறக்கவில்லை. பிள்ளைக்காம்பராவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், "அவ கூட்டிட்டுப் போனா, இதுக்கு வந்துருச்சு" என்றார்கள். அவள் தண்ணீர்ப் பீலிக்கு வந்தால் குடங்களை நகர்த்தினார்கள். முன்பும் நகர்த்தியவர்கள்தான், இப்போது நகர்த்துவதற்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்திருந்தது. அவளும் சளைத்தவளில்லை. ஒருநாள் பீலியடியில் ஒருத்தி ஒதுங்கியபோது, "நல்லா ஒதுங்கிக்க. இன்னைக்கு எறங்க எடமில்லாம ஒன் தலமேலதான் எறங்கப்போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அதையும் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்கள். என்ன செய்ய?

அந்த நேரம் பார்த்து வீட்டுப் பட்டியல் வந்தது. லயத்தில் இருப்பவர்களுக்குத் தலா ஏழு பேர்ச் துண்டு நிலத்தில் தனி வீடு. கீழ்மலையில் வரிசையாக இருபது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. மூன்றாம் இலக்கம் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் மகனுக்கு. நான் அவனோடு இருப்பவன். நான்காம் இலக்கம் வாசக்கூட்டிக்கு. சீட்டுக் குலுக்கிப் போட்டது, யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. பட்டியலில் இடம் கிடைக்காதவர்கள் காத்திருப்போர் வரிசையில். அதில் முதல் பெயர் என் மருமகனுடையது, அதாவது என் மகளின் புருஷன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கமிட்டித் தலைவரும் இன்னும் நான்கு பேரும் எங்கள் காம்பராவுக்கு வந்தார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"மாஸ்டர், ஒரு பெட்டிசம் எழுதணும். ஒங்க சிங்களம் மாதிரி யாருக்கு வரும்?"

"என்னத்தைப் பத்தி?"

"நாலாம் நம்பர் வீடு. நடுவுல இருக்குங்க. ரெண்டு பக்கமும் பிள்ளைகுட்டிக்காரங்க. அவ காலையில வெளக்கமாத்துல..." அவர் கையை மேலே காட்டினார். "ஒங்களுக்குத் தெரியாதது இல்ல."

"அதை எழுதிக்கொடுத்தா வீட்டமைப்பு ஆபீஸ்ல சிரிப்பாங்க."

"அதுக்குத்தானே ஒங்ககிட்ட வந்தது? சிரிக்காத மாதிரி எழுதுங்க. அவளுக்கு வீடே வேணாம்னு நாங்க சொல்லல. மேல இருக்கட்டும். பழகின எடம். அவளுக்கும் அதான் சுகம்."

அந்தக் காம்பராவில் இருந்த ஆறு பேருக்கும் கம்பி தெரியும். தலைவரின் அப்பா அந்தக் கம்பியடியில் கங்காணியாக இருந்தவர். அவள் பறந்துவிடுவாள் என்ற பயம் ஒருவருக்கும் இல்லை. வாசக்கூட்டியின் வீடு மற்ற வீடுகளுக்கு நடுவில் வருகிறது, அவள் வாசலும் நம் வாசலும் ஒன்றாகிறது, அதுதான் விஷயம். அதை வாய்விட்டுச் சொல்ல இந்தக் காலத்தில் வெட்கம். பறக்கிறாள் என்று சொல்ல வெட்கமில்லை! இதைவிடக் கேவலமான ஒரு கூச்சத்தை நான் கண்டதில்லை. கண்டும், பேனாவை எடுத்தேன். என் மருமகனின் பெயர் வரிசையில் முதலில் இருப்பது எனக்குத் தெரியும். தலைவருக்கும் தெரியும். அதனால்தான் என்னிடம் வந்தார்.

நல்ல சிங்களத்தில் எழுதினேன். விளக்குமாறு என்ற சொல் அதில் எங்குமே இல்லை. மனநிலை சீராக இல்லாதவர் என்பதற்குச் சிங்களத்தில் மரியாதையான ஒரு சொல் இருக்கிறது. அதைப் போட்டேன். விடிகாலைகளில் தனியே அலைகிறார், தனி வீட்டில் இருப்பது அவருடைய பாதுகாப்புக்கே உகந்ததல்ல, பழகிய சூழலிலேயே வைத்திருப்பது மனிதாபிமானம் என்றெல்லாம் எழுதினேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. 'மனிதாபிமானம்' என்று முடித்தபோது ஒரு திருப்திகூட வந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. அன்று கூசவில்லை.

இரண்டு மாதத்தில் நான்காம் இலக்கம் என் மருமகன் பெயருக்கு மாறியது.

அதே வாரத்தில் இளைஞர்கள் சிலர் இரும்பு வெட்டும் கத்தரியும் ஏணியுமாகப் போய்க் கம்பியை அறுத்துப் போட்டார்கள். அவள் இனிப் பறந்து வரக்கூடாதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் தலையில் அடித்துக்கொண்டேன். விளக்குமாறு தானாகப் பறக்கிறது என்றால் கம்பியை ஏனடா அறுக்கிறீர்கள்? கம்பியில்தான் வருகிறது என்று தெரிந்தால் பறக்கிறது என்று ஏனடா சொன்னீர்கள்? இதைத் தெருவில் நின்று கேட்டிருக்கலாம். அறைக்குள் நின்று என் மகனிடம் கேட்டேன். அவன், "நீங்கதானேப்பா பெட்டிசம் எழுதினீங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.

குடிபோகும் முன் இருபது வீட்டுக் கூரையிலும் திருஷ்டிக்குப் பழைய விளக்குமாறும் ஒற்றைச் செருப்பும் கட்டினார்கள். விளக்குமாறு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? அவளிடமிருந்துதான். தலைவரே ஆளனுப்பிக் கேட்டு வாங்கினார். அவளுடைய தேய்ந்த விளக்குமாறுகள் அத்தனை வீட்டுக்கும் வேண்டும். அவள் ஒரு வீட்டுக்கும் வேண்டாம்.

கம்பி போன பிறகு அவள் விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி வர ஆரம்பித்தாள். அந்தப் படி புது வீடுகளுக்கு முன்னால்தான் வருகிறது. ஒருநாள் காலை, பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, என் மகள் புறப்பட்டு நான்காம் இலக்க வாசலில் கால் வைக்கிறாள். எதிரே வாசக்கூட்டி விளக்குமாற்றோடு வருகிறாள்.

"காலங்காத்தால வெளக்கமாத்தோட எதிர்ல வந்து நிக்கிறியே, வெளங்குமா?" என்றாள் என் மகள்.

நான் மூன்றாம் இலக்க வாசலில் தேநீரோடு உட்கார்ந்திருந்தேன். வாசக்கூட்டி என் மகளைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. கணக்கு சரிதானா என்று மாணவன் வாத்தியார் முகத்தைப் பார்ப்பானே, அப்படி. பிறகு கானுக்குள் இறங்கி ஒதுங்கி வழிவிட்டாள்.

அந்தப் பார்வை எனக்கு விளங்கவில்லை. விளங்காததை விட்டுத்தள்ளும் பழக்கம் எனக்கு இருந்தது. இதை விட முடியவில்லை. நான்கு நாள் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் நாள் மாலை மேல்லயத்துக்கு ஏறிப் போனேன். முழங்கால் வலியோடு நூற்றுச் சொச்சம் படி. அவள் வாசலில் உட்கார்ந்து ஈர்க்கைச் சீவிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாஸ்டர். பறக்கச் சொல்லிக் குடுக்கணுமா?"

உட்காரச் சொல்லவில்லை. நானே கல்லில் உட்கார்ந்தேன். பெட்டிசத்தை எழுதியது நான்தான், அதில் எழுதியது பொய் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும். வீட்டமைப்பு ஆபீஸ்ல எனக்கு வாசிச்சுக் காட்டினாங்க. இந்தத் தோட்டத்துல அப்படி எழுத யாருக்கு வரும்?" அவள் நாரை இழுத்து முடிச்சுப் போட்டாள். "என்னயப் பைத்தியம்னுதானே எழுதினீங்க?"

"அந்தச் சொல்ல எழுதல."

"வேற சொல்லு எழுதினீங்க."

"ஆமா."

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, மாத்தி எழுத வந்தீங்களா? மன்னிப்புன்னா போயிட்டு வாங்க. எனக்கு வேல கெடக்கு."

மாற்றி எழுதுவதாகச் சொன்னேன். கையோடு கடதாசி கொண்டுபோயிருந்தேன். நடந்ததை அங்கேயே சிங்களத்தில் எழுதினேன்: முதல் கடிதம் பொய், இவர் புத்தி தெளிவானவர், விளக்குமாறு பறக்கவில்லை, பழைய கொழுந்துக் கம்பியில் மாட்டி அனுப்பப்பட்டது, நான்காம் இலக்கம் இவருக்கே உரியது, அந்தப் பொய்யால் பயனடைந்தது என் குடும்பம். எழுதி முடித்து அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"எல்லாம் சரி. கம்பியில போட்டேன்னு எழுதிட்டீங்க. என்னத்துக்குப் போட்டேன்னு எழுதலியே?"

"என்னத்துக்கு?"

"ஒங்களுக்குத் தெரியாது?"

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பாரம் குறையட்டும் என்று அனுப்பியிருப்பாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"ஒங்க மக பெரிய பரீட்சைக்குப் போன அன்னைக்கு, அந்தப் பிள்ளைய நீங்க பதுளைக்குக் கூட்டிக்கிட்டுப் போறீங்க. வெள்ளைச் சட்டை, பாவம், நெத்தியில விபூதி. நான் எதிர்ல வெளக்கமாத்தோட வந்துட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?"

நான் பேனாவை மூடினேன்.

"காலங்காத்தால வெளக்கமாத்தோட எதிர்ல வந்து நிக்கிறியே, வெளங்குமான்னு கேட்டீங்க. அந்தப் பிள்ளை கணக்குல பெயிலாயிருச்சு. ஒங்க வீட்டம்மா வந்து எங்கிட்ட ஒண்ணும் சொல்லல, நல்ல மனுசி, ஆனா அழுதுச்சு. அடுத்த நாளையிலருந்து கம்பியில போட்டேன். பெரட்டுக்குப் போறவங்க, பஸ்ஸுக்குப் போறவங்க, யார் கண்ணுலயும் காலையில படக்கூடாதுன்னு. ஒங்க எல்லாருக்கும் நல்லது நடக்கட்டும்னு போட்டேன். அதப் பாத்துட்டுப் பறக்கிறேன்னு சொன்னீங்க."

என் மகள் கணக்கில் சித்தியடையாததற்குக் காரணம் அவள் கணக்குப் படிக்காததுதான். அதை வேறு யாரையும்விட நன்றாக அறிந்தவன் நான். விஞ்ஞான வாத்தியார். சகுனம் மூடநம்பிக்கை என்று வகுப்பில் பாடம் எடுத்தவன். அந்தக் காலையை நான் அடியோடு மறந்துவிட்டேன். இருபது வருடம் அவள் அதை மறக்காமல் ஒவ்வொரு விடியலிலும் கொக்கியில் மாட்டி அனுப்பியிருக்கிறாள்.

"அதையும் எழுதுங்க. யார் சொன்னதுன்னும் எழுதுங்க" என்றாள்.

எழுதினேன். 'காலையில் விளக்குமாற்றோடு எதிரில் வந்ததற்காக இவரை ஏசியவன் நான். அதன் பிறகே இவர் அதைக் கம்பியில் அனுப்பத் தொடங்கினார்.' சிங்களத்தில் இரண்டே வரி. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரமெடுத்து எழுதிய வேறு இரண்டு வரி இல்லை.

மறுநாள் நானே பதுளை வீட்டமைப்பு அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். அதிகாரி இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கும் அலுப்புத்தான்.

"இரண்டும் உங்கள் கையெழுத்துத்தான். இதில் எது பொய்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"முதலாவது."

"முதலாவதும் உண்மை மாதிரிதான் எழுதியிருக்கிறீர்கள், குருதுமா. இரண்டாவதை எதை வைத்து நம்புவது?"

சிங்களத்தில் 'குருதுமா' என்றால் ஆசிரியர் ஐயா. விசாரணைக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

திரும்பி வந்து நான்காம் இலக்கத்தில் என் மகளிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவளிடமிருந்து எனக்கு வரவேண்டிய தேநீர் வரவில்லை. "பெத்த மகள ரோட்டுல விடுறீங்களே. மகளுக்குன்னா ஒரு பக்கம். அடுத்தவளுக்குன்னா நாலு பக்கம்" என்றாள். நான்கு பக்கமல்ல, இரண்டு என்று திருத்தினேன். அந்த நேரத்தில் அப்படித் திருத்தத் தோன்றியது எனக்கு, அதுதான் நான்.

விசாரணைக்கு அந்த அதிகாரியே வந்தார். கோயில் முன்னால் எல்லோரையும் கூட்டினார். கம்பி எங்கே என்று கேட்டார். அறுத்துவிட்டார்கள் என்றேன். யார் அறுத்தது? எல்லோரும் மலையைப் பார்த்தார்கள். வாசக்கூட்டி ஓரமாக நின்றாள், விளக்குமாறு இல்லாமல்.

தலைவர் முன்னால் வந்தார். "ஐயா, மாஸ்டருக்கு வயசாயிருச்சு. மறதி. இங்க அப்படிக் கம்பியே கெடையாது."

"கெடையாதா?"

கேட்டது அதிகாரியல்ல. என் மகள். கொழுந்துக் கூடையை முதுகில் போட்டபடி கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தவள், முன்னால் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"கெடையாதா? எங்கம்மா வெரல் எதுல போச்சு? ஒங்க அப்பாதானே சில்லுல இருந்து கைய எடுத்து விட்டாரு? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போனது யாரு? கம்பி கெடையாதாமே! வாய்க்கு வந்ததச் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?" அதிகாரியிடம் திரும்பினாள். "இருந்துச்சுங்க. எல்லாருக்கும் தெரியும். வாசக்கூட்டி வெளக்கமாத்த அதுலதான் அனுப்பும். எனக்கும் தெரியும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. முகம் சிறுத்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கூடையைச் சரிசெய்துகொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

நான்காம் இலக்கம் பழையபடி வாசக்கூட்டியின் பெயருக்கு வந்தது. மகளும் மருமகனும் சாமான்களோடு மூன்றாம் இலக்கத்துக்கு வந்துவிட்டார்கள். இரண்டு அறையில் ஒரு முழுக் குடும்பம். நான் படுப்பது இப்போது குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில். மகள் என்னோடு பேசுவதில்லை. தலைவரும் பேசுவதில்லை, அது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. தேநீர்க்கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. வீடியோ மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு பெட்டிசமும் எழுத முடியாது.

அவள் குடிவந்த காலையில் நான் வாசலில் இருந்தேன். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பானை, கையில் விளக்குமாறு. என்னைக் கண்டதும், பழக்கதோஷம், கானுக்குள் ஒரு காலை வைத்தாள்.

"எதுக்கு எறங்குற? மேல வா" என்றேன்.

ஏறினாள். நேரே தன் வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள். கூரை விளிம்பில் திருஷ்டிக்குக் கட்டிய பழைய விளக்குமாறும் செருப்பும் தொங்கிக்கொண்டிருந்தன.

"மாஸ்டர், அந்த வெளக்கமாத்தக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க. என்னோடதுதான். ஈர்க்கு இன்னும் நல்லா இருக்கு, அதப் போய்த் தொங்கவிட்டிருக்காங்க."

"திருஷ்டிக்குக் கட்டினது."

"என் வீட்ட யாரு கண்ணு வைக்கப் போறா? கழட்டுங்க."

குசினியிலிருந்து முக்காலியைக் கொண்டுவந்து ஏறினேன். முடிச்சு மழையில் இறுகிப்போயிருந்தது. நகத்தால் கெல்லிக் கெல்லி அவிழ்க்க வெகு நேரமானது. கீழே அவள் முக்காலியைப் பிடித்துக்கொண்டு, "விழுந்து தொலைச்சிராதீங்க, அதுக்கும் என்னயத்தான் சொல்லுவாங்க" என்று திட்டிக்கொண்டே இருந்தாள். என் மகள் பெரட்டுக்குப் புறப்பட்டு வெளியே வந்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள், விளக்குமாற்றையும் பார்த்தாள். வீட்டுக்குள் திரும்பாமல் எங்களைக் கடந்து வேலைக்குப் போனாள்.